எட்டா, பன்னிரண்டா

இரண்டு கார்டுகளும் மேசைமேல்.
நடுவில் ஒரு ஸ்க்ரூடிரைவர், ஆறிப்போன டீ.

புதியது எட்டு ஜிபி.
நூற்றுப் பதினைந்து வாட், மூன்று வருட வாரண்டி.
பெட்டியின் மேல் ஒரு கவச வீரன்
எதையோ வெட்டப் போகிறான்.
எனக்கு வேலை வீட்டு எலிவேஷன் போடுவது என்று
அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

பழையது பன்னிரண்டு ஜிபி.
நூற்றெழுபது வாட், பாதி விலை.
துறைமுகத்து அபுதாகிர் கடையில் எடுத்தது,
பிடிக்காவிட்டால் ஒரு வாரத்தில் திருப்பலாம்
என்ற வாய்வார்த்தையோடு.
இதற்கு முன் திருப்பூர்ப் பக்கம் ஒரு ஷெட்டில்
இரவும் பகலும் கணக்குப் போட்டுக் காசு தோண்டியதாம்.
மூக்கருகே கொண்டுபோனால்
சூடான பிளாஸ்டிக் வாசனை, கொஞ்சம் பஞ்சுத் தூசி.

பாண்டியில் இன்னும் மலிவு என்றான் தணிகைவேல்.
நாடு முழுக்க ஒரே வரி வந்து எத்தனை வருடம்,
பெண்ணையாற்றைத் தாண்டினால் எல்லாமே மலிவு என்பதைக்
கடலூரில் யாரும் விட்டபாடில்லை.

பஸ் அகலம் நூற்றிருபத்தெட்டு பிட்,
மற்றதற்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
அகலமான பஸ்ஸில் ஒரே நேரத்தில் நிறையப் பேர் ஏறலாம்
என்று விளக்கினான்.
திருப்பாதிரிப்புலியூர் ஸ்டாண்டில் ஏறிப் பார்த்தவளுக்குத் தெரியும்,
அகலம் பிரச்சினை இல்லை,
வாசல்தான்.

சோதனைக்கு மாயகிருஷ்ணன் வீடு.
தாழங்குடாவில் இனிமேல் கட்டப்போவது,
சிங்கப்பூரில் வெல்டிங் செய்து சேர்த்தது.
மாலை ஐந்தரை வெயில், தேக்கு நிறக் கதவு,
மாடியில் எவர்சில்வர் கைப்பிடி,
சுற்றுச்சுவருக்கு அப்பால் கடல்.

முதலில் கடல் இல்லாமல்.
எட்டு ஜிபி நாற்பத்தோரு நிமிடம்.
பன்னிரண்டு, முப்பத்து மூன்று.
சூடு எழுபத்திரண்டு; எண்பத்தாறு.
சத்தத்தை அளக்க என்னிடம் கருவி இல்லை.
முதலாவது ஓடும்போது
பக்கத்து வீட்டு சீரியலின் அழுகை கேட்டது,
இரண்டாவது ஓடும்போது கேட்கவில்லை.
இரு படங்களையும் அருகருகே வைத்துப்
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
கைப்பிடி நிழலில் ஒரு புள்ளி வித்தியாசம்.
அதுவும் திரையில் உட்கார்ந்த கொசு.

பிறகு கடலைச் சேர்த்தேன்.
அலை, நுரை, ஈர மணல்,
ஒவ்வொன்றிலும் திரும்பத் தெரிகிற வானம்.
எட்டு ஜிபி பதினேழாம் நிமிடத்தில்
நினைவகம் போதவில்லை என்று
ஒரு வரி எழுதிவிட்டு நின்றது.
மறுபடி கொடுத்தேன். மறுபடி அதே வரி.

பன்னிரண்டு வாங்கிக்கொண்டது.
அதுவும் முதல் தடவையில் இல்லை.
விடியற்காலை ஐந்துக்குத்
தெருவின் எல்லா மோட்டாரும் சேர்ந்து இழுக்க
வோல்டேஜ் நூற்றெண்பதுக்குச் சரிந்து
கடல் பாதியில் கறுத்தது.
தேவனாம்பட்டினத்துக் கரண்டில் எப்படி ஓடும் என்று
எந்தப் பெட்டியிலும் அச்சடித்திருக்கவில்லை.
இரண்டாம் தடவை, ஒரு மணி ஐந்து நிமிடம்.
முழுக் கடல்.

பன்னிரண்டுதான் என்று
தணிகைவேலுக்குச் செய்தி அனுப்பினேன்,
படத்தை மாயகிருஷ்ணனுக்கு.

உடனே கூப்பிட்டார்.
பிரமாதம்மா. கதவு நிறம் அப்படியே நான் சொன்னது.
அந்தக் கடலை மட்டும் எடுத்துடுங்க.
ஏன் சார்?
பேங்க்ல குடுக்கணும். மேனேஜர் புதுசு, சேலத்துக்காரர்.
இவ்ளோ கிட்டத் தண்ணியப் பாத்தா லோன் தருவாரா?
அங்க என்ன வைக்கட்டும்?
கொஞ்சம் யோசித்தார். பின்னால் கிரேன் சத்தம்.
தென்னமரம் வைங்க. நாலு போதும்.

நாலு தென்னை எட்டு ஜிபியில் அடங்கும்.
நாற்பத்து மூன்று நிமிடம்.

ஆறாம் நாள் பழையதைக் கழற்றினேன்.
கடல் இருந்த கோப்பை அழிக்கவில்லை,
அதை ஓட்டுகிற கார்டு இனி என்னிடம் இல்லை
என்றாலும்.

அபுதாகிர் விசிறியை விரலால் சுற்றிப் பார்த்தார்.
நல்லாத்தானே ஓடுது, என்ன குறை?
கடல் தேவைப்படலைங்க என்றேன்.
என்ன புரிந்துகொண்டாரோ,
பணத்தை எண்ணிக் கொடுத்தார், இருநூறு குறைத்து.
எதற்கு இருநூறு?
பின்தகட்டைத் திருப்பிக் காட்டினார்.
கொடுக்கும்போது நான்கு திருகும் பளபளப்பாம்.
இப்போது ஒன்றில் துரு,
கடுகளவு, புதுசாக.